மண்டபத்தில் புது வீடு: அடுப்பு மேடைக்கு குவார்ட்ஸா, கிரானைட்டா?

மண்டபம் அக்கா:
கடலுக்குப் பக்கத்துலயே வீடு கட்டுறோம். கடைக்காரர் வெள்ளை குவார்ட்ஸ் போடச் சொல்றார். எங்க வீட்டுல தினமும் மீன்தான். விளமீன், நகரை, காரல், எல்லாமே மேடையில வச்சுதான் ஆய்வோம். குழம்பை மண்சட்டியோட கொதிக்கக் கொதிக்க இறக்கி அப்படியே வைப்போம். மஞ்சளும் புளியும் சிந்தாத நாளே இல்ல. தாங்குமா?

கீழக்கரை கல் வேலை:
அக்கா, அது வெட்டி எடுத்த கல் இல்ல. அரைச்ச குவார்ட்ஸ் கிட்டத்தட்ட 90 சதவீதம், மிச்சம் பிசினும் நிறமும். புளியும் மீன் தண்ணியும் உள்ள இறங்காது, கிரானைட் மாதிரி சீலர், அதான் கறை உள்ள இறங்காம மேல பூசுற பூச்சு, அடிக்கவும் வேண்டாம். ஆனா பிசினுக்குச் சூடு ஆகாது. 150 டிகிரி தாண்டுனா நிறம் மாறும், விரிசலும் விடலாம். சட்டிக்கு அடியில பிரிமணை கட்டாயம். வெயில் படுற வெளி மேடைக்கு வேண்டவே வேண்டாம்.

இன்னொண்ணு, தயவுசெஞ்சு கேளுங்க. தண்ணி ஊத்தாம வெட்ட விடாதீங்க. அந்தத் தூசி முழுக்க சிலிக்கா, நுரையீரலைக் கெடுத்துடும். ஆஸ்திரேலியாவுல 2024 ஜூலையில இந்தக் கல்லையே தடை பண்ணினது இதுக்காகத்தான். என்கூட வேலை பார்த்த பையன் இப்ப நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குறான்.

தொண்டி வீடு:
நாலு வருஷமா வச்சிருக்கோம். மஞ்சள் கறையை உடனே துடைச்சா போயிடும், ராத்திரி விட்டா லேசா நிக்கும். பிளீச் மட்டும் போடாதீங்க. மீன் ஆய தொட்டி ஓரமா கருப்பு கிரானைட் தனியா போட்டுட்டோம்.

மண்டபம் அக்கா:
அப்ப அடுப்புப் பக்கமும் கிரானைட்டே போடுறேன். எதுவானாலும் தண்ணி ஊத்தி வெட்டச் சொல்லிடுறேன், தம்பி. அந்தப் பையன் வைத்தியம் பார்க்குறானா?