பின்சக்கரம் 19-லிருந்து 17 ஆயிற்று: புல்லட் 350-க்கு 16 பல்லா, 17 பல்லா?

தறிக்காரன்:
என்னுடையது பழைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) இன்ஜின் ராயல் என்ஃபீல்டு புல்லட் 350. நாலு கியர், வலதுகால் கியர், இடதுகால் பிரேக். பின்னால் 3.25-19 டயர் இருந்தது. ரிம் துருப்பிடித்துப் போனதால் அதே டிரம்மில் 17 இன்ச் ரிம் கட்டி 120/80-17 டயர் போட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 70-ஐத் தொட்டால் இன்ஜின் கத்துகிறது. செயின் ஓடும் ஸ்ப்ராக்கெட்டில் (பல்சக்கரத்தில்) முன்னால் 16 பல், பின்னால் 38. 17 போடலாமா, ஒரேயடியாக 18 போட்டுவிடலாமா? ஓட்டம் பாதி நாமக்கல்–சேலம் ரோடு, மீதி கொல்லிமலை.

செயின்லூப்:
17 போடுங்கள். 19 போய் 17 வந்ததும் பத்து சதவீதம் குறைந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். ரிம்மை வைத்துக் கணக்குப் போடக் கூடாது, டயரின் வெளிவட்டத்தை வைத்துத்தான் போட வேண்டும். பழைய டயரின் விட்டம் சுமார் 648 மி.மீ., புதியது 624. குறைந்தது 3.7 சதவீதம். (18 இன்ச் ரிம்மில் 110/90 போட்டிருந்தால் 655 வந்திருக்கும், அதாவது பழைய 19-ஐவிடப் பெரிது!) அந்த 3.7-ஐ ஈடுகட்ட ஒரு பல் போதும். 500 சிசி புல்லட்டுக்குக் கம்பெனியே 17 பல்தானே கொடுத்தது.

மலைப்பாதை:
அது 500, அண்ணே. இது 18 குதிரைத்திறன் வண்டி. முன்னால் ஒரு பல் கூட்டினால் கியரிங், அதாவது இன்ஜினின் ஒரு சுற்றுக்கு வண்டி போகும் தூரம், 6.25 சதவீதம் ஏறுகிறது. இழந்தது 3.7, கொடுப்பது 6.25. பழைய கியரிங்கே வேண்டுமென்றால் 16.6 பல் தேவை. அப்படியொரு ஸ்ப்ராக்கெட்டை எந்தக் கடையில் வாங்குவார்? பின்பக்கத்திலும் வழியில்லை, 38 பல்லும் பிரேக் டிரம்மோடு சேர்ந்தே வார்த்தது. ஆக, 16-ஐ விட்டுவைத்தால் 3.7 கீழே, 17 போட்டால் 2.3 மேலே. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு ஏறுகிறவருக்கு, இழுவைக்காகக் கீழே இருப்பதுதான் நல்லது.

இன்னொன்று. பிரைமரி (இன்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயின்) விகிதம் 2.24, டாப் கியர் நேர் 1. 70 கி.மீ. வேகத்தில் பழைய டயரில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,050 சுற்று, இப்போது 3,165. 115 சுற்று கூடியதற்கா இன்ஜின் கத்துகிறது? முதலில் ரிம் ஆடுகிறதா, செயின் நேர்கோட்டில் ஓடுகிறதா, 120 டயரின் இடது ஓரம் செயினில் உரசுகிறதா என்று பாருங்கள் தறிக்காரன்.

நாலுவழிச்சாலை:
18 போடுங்க பாஸ். ஹைவேயில் சும்மா மிதக்கும்.

செயின்லூப்:
18 வேண்டவே வேண்டாம். பழைய கியரிங்கைவிட 8 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். பின்னால் ஆள் உட்கார்ந்து எதிர்க்காற்றும் சேர்ந்தால் டாப் இழுக்காது, மூன்றாவதுக்கு இறக்க வேண்டும். மூன்றாவது கியரின் விகிதம் 1.36. 70-இல் 2,815 சுற்றில் ஓடவேண்டிய இன்ஜின் 3,800-இல் ஓடும். சுற்றைக் குறைக்கப்போய் கூட்டிக்கொண்ட கதை.

மலைப்பாதைக்கு: 17 போட்ட பிறகும் முதல் கியர் கம்பெனி கொடுத்ததைவிட 2.3 சதவீதம்தான் உயரம். அதே 19 இன்ச் சக்கரத்தோடு ஜனங்கள் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு மலை ஏறவில்லையா?

மலைப்பாதை:
ஏறினார்கள், சரி. அப்படியானால் 3.7 கீழே இருப்பதால் ஹைவேயில் மட்டும் என்ன குடிமுழுகிவிடும்? உங்கள் வழியில் கிடைக்கும் லாபம், 3.7 தள்ளி இருந்தது 2.3 தள்ளி இருக்கப்போகிறது, அவ்வளவே. அதற்காகப் பிரைமரி கேஸ், கிளட்ச், ஆல்டர்னேட்டர், உள் கேஸ் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். முன் ஸ்ப்ராக்கெட் இவ்வளவுக்கும் பின்னால் ஒளிந்திருக்கிறது. திரும்பப் பூட்டிய பிறகு ஆயில் கசியாத புல்லட்டை எனக்கு ஒருமுறை காட்டுங்கள்.

பட்டறை முருகு:
ரெண்டு பேர் சொல்வதும் சரிதான். பல் மாற்றுவதற்கென்றே கேஸைப் பிரிக்காதீங்க தம்பி. கிளட்ச் பிளேட் மாற்றும் நாள் வரும், அன்றைக்கு 17 போட்டுக்கலாம். செயினில் கண்ணி சேர்க்க வேண்டியிருக்காது. ஒரு பல் கூடினால் பின் ஆக்ஸில் 4 மி.மீ. முன்னால் வரும், அட்ஜஸ்டரில் அந்த இடம் இருந்தால் போதும். ஆனால் தேய்ந்த செயினோடு புதுப் பல்லைச் சேர்க்காதீங்க, புதுசையும் தின்னுடும். ஸ்பீடோமீட்டர் கேபிள் முன்சக்கரத்திலிருந்து வருவதால் அதில் மாற்றமில்லை.

யாரும் கேட்காத ஒன்று: வண்டி பின்னால் 12 மி.மீ. இறங்கியிருக்கும். சென்டர் ஸ்டாண்ட் போட முன்னைவிடக் கஷ்டமாக இருக்குமே? சைடு ஸ்டாண்டில் நிமிர்ந்து நிற்கும், வலது பக்கம் சாயாமல் பார்த்துக்குங்க.

தறிக்காரன்:
சென்டர் ஸ்டாண்ட் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை அண்ணே. துருப்பிடித்திருக்கிறது என்று நினைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, ஆளை உட்காரவைத்து, ஒரு சுற்று உருட்டி டேப்பால் அளந்தேன். நண்பரின் 19 இன்ச் வண்டி 2 மீட்டர், என்னுடையது 1.92. ரிம் பக்கவாட்டில் ஆடியதும் உண்மை. ஸ்போக்கை முறுக்கி நேராக்கிய பிறகு பாதிச் சத்தம் குறைந்துவிட்டது.

செயின்லூப்:
பாருங்கள், 3.7 இல்லை, 4 சதவீதம். மீதிப் பாதிச் சத்தத்துக்கு 17 பல்.

மலைப்பாதை:
4 சதவீதம் என்றால் 115 சுற்று 127 ஆகும். பன்னிரண்டு சுற்றுக்கு வெற்றி விழாவா? மீதிச் சத்தம் காஸ்ட் அயர்ன் புல்லட்டின் பிறவிக் குணம். 350-ஐ 80-இல் விரட்டினால் எந்தப் பல் போட்டாலும் கத்தத்தான் செய்யும்.

தறிக்காரன்:
மலை ஏறும்போது கிளட்ச் லேசாக வழுக்குகிறது. எப்படியும் அடுத்த மாதம் கேஸைப் பிரித்தாக வேண்டும். அப்போது 17 பல்லும் புதுச் செயினும் போட்டுவிடுகிறேன்.

மலைப்பாதை:
போடுங்கள். கழற்றிய 16-ஐ மட்டும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.