யெல்லோஸ்டோனுக்கு 28 அடி ஆர்.வி.யில் ஐந்து பேர்: எங்கே தங்குவது, எவ்வளவு ஓட்டுவது?

உப்பேரி கேட்டது:

வணக்கம். அடுத்த வருடம் ஜூன் மூன்றாம் வாரம் அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியிலிருந்து யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகத் திட்டம். நான், மனைவி, 11 மற்றும் 7 வயதுப் பிள்ளைகள், எங்களோடு இருக்கும் அம்மா (68). ஆறு நாள், ஐந்து இரவு. 28 அடி கிளாஸ் சி ஆர்.வி. (படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ளே இருக்கும் நடுத்தர வீட்டு வண்டி) வாடகைக்கு எடுக்கிறோம். இதற்கு முன் ஆர்.வி. ஓட்டியதில்லை. சொந்தக் கார் இருக்கிறது, மனைவியும் ஓட்டுவார்.

தினம் ஒரு கேம்ப்கிரவுண்ட் என்று மாறி மாறித் தங்கினால் பூங்கா முழுவதும் பார்த்துவிடலாமா? சுத்த சைவம், மூன்று வேளையும் வண்டியில்தான் சமையல். தண்ணீர், கரண்ட் எப்படிச் சமாளிப்பது? எந்தப் பாதையில் போய் எந்தப் பாதையில் திரும்புவது?

சக்கரவீடு:

தினம் ஓர் இடம் வேண்டாம். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பாத்திரம் பண்டமெல்லாம் உள்ளே கட்டி, ஸ்லைடை (பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப் பகுதி) உள்ளே இழுத்து, போன இடத்தில் மறுபடி மட்டம் பார்த்து நிறுத்த வேண்டும். முதல் முறைக்காரர்களுக்கு இதிலேயே அரை நாள் போய்விடும். இரண்டே இடம் போதும்: முதல் இரண்டு இரவு மேடிசன், அடுத்த இரண்டு இரவு ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி. பார்க். ஐந்தாவது இரவு திரும்பும் வழியில், கிராண்ட் டீட்டன் பக்கம்.

இந்த வரிசைக்குக் காரணம் தண்ணீர். மேடிசனில் ஹுக்கப் (தண்ணீர், கரண்ட், கழிவுநீர் இணைப்பு) எதுவும் கிடையாது, குளியலறையும் கிடையாது. ஆனால் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் 16 மைல், நோரிஸ் 14 மைல். வெந்நீர் ஊற்றுகள் எல்லாம் அந்தப் பக்கம்தான். நல்ல தண்ணீர் டேங்க் நிரம்பி, கழிவு டேங்க் காலியாக அங்கே போய்ச் சேருங்கள். இரண்டு நாள் கழித்து டேங்க் நிறையும் நேரத்தில் ஃபிஷிங் பிரிட்ஜ். பூங்காவுக்குள் தண்ணீர், கரண்ட், கழிவுநீர் மூன்றுக்கும் இணைப்பு தருவது அது ஒன்றுதான். குளியலறையும் துணி துவைக்கும் இடமும் உண்டு. கிரிஸ்லி கரடி நடமாட்டம் உள்ள இடம் என்பதால் அங்கே கூடாரமும் துணிச்சுவர் வைத்த பாப்-அப் டிரெய்லரும் அனுமதி இல்லை. பிள்ளைகளுக்கு வெளியே டென்ட் போட்டுத் தரலாம் என்று நினைத்திருந்தால் அதை மேடிசனோடு முடித்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டுக்கும் முன்பதிவு, பூங்காவில் விடுதிகள் நடத்தும் யெல்லோஸ்டோன் நேஷனல் பார்க் லாட்ஜஸ் தளத்தில். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி, அடுத்த வருடத்தின் அதே மாதத்துக்கு முழுவதுமாகத் திறப்பார்கள். ஜூனுக்கு இந்த ஜூன் 5. அன்று காலையிலேயே உட்கார்ந்துவிடுங்கள். வண்டியின் நீளத்தைக் கேட்கும்போது பம்பரிலிருந்து பம்பர் வரை உள்ள உண்மை நீளத்தைச் சொல்லுங்கள். கூடக் கார் வருவதையும் சொல்லுங்கள். குறைத்துச் சொன்னால் உங்களுக்கு ஒதுக்கும் இடத்தில் வண்டி நுழையாது, மாற்றித் தர வேறு இடமும் இருக்காது.

கார் இருப்பது பெரிய வசதி. ஆர்.வி.க்குப் பின்னால் கட்டி இழுக்க வேண்டாம், வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அதை அனுமதிப்பதில்லை. மனைவி தனியாக ஓட்டி வரட்டும். ஆர்.வி.யை வீடாக நிறுத்திவிட்டு, சுற்றிப் பார்ப்பதெல்லாம் காரில். கிராண்ட் பிரிஸ்மாட்டிக் வெந்நீர் ஊற்று இருக்கும் மிட்வே கீசர் பேசினில் காலை எட்டரைக்கு மேல் 28 அடி வண்டிக்கு இடம் கிடைப்பது அரிது. மாமத் அப்பர் டெரஸ் சாலை, ஃபயர்ஹோல் கேன்யன் சாலை, பிளாக்டெயில் பிளேட்டோ சாலை மூன்றிலும் ஆர்.வி.க்கு அனுமதியே இல்லை.

பூங்காவைச் சுற்றும் முக்கியச் சாலையான எட்டு வடிவ கிராண்ட் லூப் மொத்தம் 142 மைல், வேக வரம்பு 45. காட்டெருமை சாலையில் நின்றால் வரம்பு பூஜ்யம்தான். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கியர்பாக்ஸ்:

பாதை: போகும்போது ஐ-15-இல் ஐடஹோ ஃபால்ஸ் வரை, பிறகு யு.எஸ். 20-இல் மேற்கு நுழைவாயில். சுமார் 320 மைல். காருக்கு ஐந்து மணி நேரம் என்றால் உங்களுக்கு ஆறரை. திரும்பும்போது தெற்கு வாயில், கிராண்ட் டீட்டன், ஜாக்சன். ஜாக்சனிலிருந்து மேப் உங்களை டீட்டன் பாஸ் வழியாகத் திருப்பப் பார்க்கும். போகாதீர்கள். 10 சதவீதச் சரிவு, புது ஓட்டுநர் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஹோபேக், ஆல்பைன் வழியாக யு.எஸ். 89-இல் தெற்கே இறங்குங்கள். எந்த இறக்கத்திலும் டோ/ஹால் பட்டனை (கியரைக் குறைத்து வைக்கும் பட்டன்) அழுத்தி, வண்டியின் வேகத்தை இன்ஜினே பிடித்து நிறுத்த விடுங்கள். பிரேக்கை விட்டு விட்டு அழுத்துங்கள், தொடர்ந்து மிதிக்க வேண்டாம்.

பெட்ரோல் கேலனுக்கு 8 முதல் 10 மைல்தான் தரும். பூங்காவுக்குள் கேன்யன், ஃபிஷிங் பிரிட்ஜ், கிராண்ட் வில்லேஜ், ஓல்ட் ஃபெய்த்ஃபுல், மாமத், டவர் ஆகிய இடங்களில் பங்க் உண்டு. கால் டேங்குக்குக் கீழே போனால் ஜெனரேட்டர் தானாக நின்றுவிடும். அது பழுதில்லை, வண்டி நகர்வதற்காவது பெட்ரோல் மிஞ்சட்டும் என்று அதன் குழாயை அந்த உயரத்தில் வைத்திருக்கிறார்கள்.

மேடிசனில் கரண்ட் கணக்கு முக்கியம். ஜூனிலும் இரவில் உறைநிலையைத் தொடலாம். ஹீட்டர் கேஸில் எரிந்தாலும் அதன் ஃபேன் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது, சுமார் 8 ஆம்பியர். எட்டு மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினால் 32 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதிதான் பயன்படுத்தலாம், ஆக 50. விளக்கு, பம்ப், ஃபிரிட்ஜ் போர்டு எல்லாம் மிச்சத்தில். தெர்மோஸ்டாட்டை 60 ஃபாரன்ஹீட்டில் வைத்துக் கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள். 72-இல் வைத்தால் விடிகாலை மூன்று மணிக்கு பேட்டரி இறங்கி, கேஸ் டிடெக்டர் கீச்சிட்டு எல்லாரையும் எழுப்பும். ஜெனரேட்டர் காலை 8 முதல் இரவு 8 வரை மட்டும், அதுவும் அனுமதி உள்ள கேம்ப்கிரவுண்டுகளில்.

ஃபிரிட்ஜ் கேஸில் ஓடும் வகையா என்று கேளுங்கள். அப்படியானால் வண்டி மட்டமாக நின்றால்தான் குளிரும். சக்கரத்துக்கு அடியில் வைக்கும் பிளாஸ்டிக் கட்டைகள் ஒரு செட் கட்டாயம்.

டேங்க் காலி செய்யும்போது முதலில் பிளாக் (கழிவறைக் கழிவு), பிறகு கிரே (கழுவிய தண்ணீர்). குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர் பின்னால் வந்து குழாயைக் கழுவிவிடும். ஃபிஷிங் பிரிட்ஜில் இணைப்பு கொடுத்ததும் பிளாக் வால்வைத் திறந்தே விடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. நீர் வடிந்துவிடும், கெட்டி டேங்குக்குள் குவிந்து இறுகிவிடும். மூடியே வைத்து, முக்கால் டேங்க் நிறைந்ததும் ஒரே அடியாகத் திறங்கள். பிறகு இரண்டு கேலன் தண்ணீரும் கழிவு டேங்குக்கான மருந்தும் ஊற்றி வையுங்கள். தண்ணீர்க் குழாயில் பிரஷர் ரெகுலேட்டர் மாட்டுங்கள், இரவில் குழாயைக் கழற்றிவிடுங்கள், உறைந்தால் வெடிக்கும்.

உப்பேரி:

மிக்க நன்றி. மேடிசன், ஃபிஷிங் பிரிட்ஜ் என்றே முடிவு செய்கிறோம். இரண்டு சந்தேகம்: 7 வயதுப் பையனுக்கு பூஸ்டர் சீட் ஆர்.வி.க்குள் எங்கே போடுவது? மிக்ஸி, குக்கர் எல்லாம் எடுத்துப் போகலாமா?

சக்கரவீடு:

பூஸ்டருக்குத் தோள் பெல்ட் கட்டாயம். கிளாஸ் சி-யில் சாப்பாட்டு மேசை இருக்கைகளில் பல வண்டிகளில் இடுப்பு பெல்ட் மட்டும்தான் இருக்கும். பக்கவாட்டில் திரும்பிய சோஃபாவில் எந்தக் குழந்தை இருக்கையும் போடக் கூடாது. கார் கூடவே வருகிறதே, பிள்ளைகள் இருவரும் காரின் பின் இருக்கையில் வரட்டும். கேள்வியே தீர்ந்தது.

அடுப்படி:

குக்கர் இல்லாமல் போகாதீர்கள். ஃபிஷிங் பிரிட்ஜ் சுமார் 7,800 அடி. அங்கே தண்ணீர் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பு ஒரு மணி நேரம் ஆனாலும் குழையாது. குக்கருக்குள்ளும் வீட்டில் கிடைக்கும் சூடு முழுதாகக் கிடைக்காது, 117 டிகிரி அளவுதான். பருப்பை அரை மணி ஊறவைத்து, வழக்கமான நேரத்தோடு கால் பங்கு கூட்டுங்கள். கொண்டைக்கடலை, ராஜ்மாவை வீட்டிலேயே வேகவைத்து உறையவைத்து எடுத்துப் போவது மேல், கேஸும் மிச்சம். ஐந்து லிட்டர் குக்கருக்கு மேல் ஆர்.வி. அடுப்பில் நிற்காது, பக்கத்து பர்னரை மறைத்துவிடும்.

மாவு அங்கே போய்ப் புளிக்காது, இரவுக் குளிரில் அப்படியே கிடக்கும். புளித்த மாவாகக் கொண்டுபோய் முதல் இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள். பிறகு ரவா உப்புமா, சேமியா, சப்பாத்தி.

மிக்ஸி 110 வோல்ட் என்றால் சரி. ஊரிலிருந்து வந்த 230 வோல்ட் மிக்ஸி வேண்டாம். மேடிசனில் ஜெனரேட்டர் ஓடினால்தான் பிளக்கில் கரண்ட் வரும், ஆகவே சட்னியை இரவு 8-க்குள் அரைத்துவிடுங்கள். பொடி வகை எடுத்துப்போனால் அந்தக் கவலையும் இல்லை. தாளிக்கும் முன் கூரை விசிறியைப் போடுங்கள். மிளகாய்ப் புகைக்குப் புகை அலாரம் உடனே கத்தும்.

கரடி விஷயம். வெளியே மேசையில் சமைத்தால் சாப்பிட்ட கையோடு அடுப்பு, குக்கர், எண்ணெய், குப்பை, ஐஸ் பெட்டி, காலித் தட்டு வரை எல்லாம் வண்டிக்குள் போக வேண்டும். ஐந்து நிமிடம் விட்டுப் போவதும் விதி மீறல்தான். பாத்திரம் கழுவிய தண்ணீரை மண்ணில் ஊற்றாமல் கிரே டேங்குக்கு விடுங்கள். மனித உணவுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் கொன்றுவிட வேண்டிய நிலை வருகிறது, அதனால் இதில் சலுகை வேண்டாம். கரடி, ஓநாயிடமிருந்து 100 கஜம், காட்டெருமை, எல்க்கிடமிருந்து 25 கஜம். பிள்ளைகளிடம் முன்னமே சொல்லி வையுங்கள். ஊற்றுகளில் பலகைப் பாதையை விட்டு ஓர் அடியும் இறங்கக் கூடாது, மேல் ஓடு மெல்லியது, அடியில் கொதிநீர். சின்னவன் கையைப் பிடித்தே நடங்கள்.

கியர்பாக்ஸ்:

ஒன்று விட்டுப்போனது. வண்டியை எடுக்கும்போது அங்கேயே ஜெனரேட்டர், ஹீட்டர், மூன்று பர்னர், தண்ணீர் பம்ப் எல்லாவற்றையும் ஓடவிட்டுப் பாருங்கள், வீடியோ எடுத்து வையுங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் காட்டும். டயரின் வரிப்பள்ளம் தேயாமல் நன்றாக இருந்தாலும் ஆறு வருடத்துக்கு மேல் பழைய டயர் என்றால் வேறு வண்டி கேளுங்கள். 50 ஆம்பியர் பிளக்கை 30-க்கு மாற்றும் அடாப்டர், 20 அடி கழிவுக் குழாய், ரப்பர் கையுறை மூன்றும் பெட்டியில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.