பயிற்சிப் பொம்மையிடம் கழித்த நேரம் நோயாளியிடம் கழித்த நேரத்துக்கு ஈடாகுமா?

நள்ளிரவுப்பணி:
அவசர சிகிச்சைத் துறையில் பயிலும் மருத்துவர்களின் பணிநேரத்தில் நான்கில் ஒரு பங்கை, பொம்மையை வைத்து நெருக்கடிகளைப் பாவனையாக நடத்திப் பழகும் சிமுலேஷன் கூடத்தில் கழிக்கலாம், அதையும் பணிநேரமாகவே கணக்கிடலாம் என்றொரு முன்மொழிவு எங்கள் துறையில் பரிசீலனையில் இருக்கிறது. அதை வரைந்தவர்களில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பயிலுநர் ஆண்டுக்கணக்கில் இரவும் பகலும் உழைத்தாலும், வாய்வழியே மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தவும் முடியாமல் முகமூடி வழியே காற்றூட்டவும் முடியாமல், கழுத்தின் முன்புறத்தைக் கீறி மூச்சுக்குழாயைத் திறக்க வேண்டிய நிலையை ஒருமுறைகூடச் சந்திக்காமல் போகலாம். சந்திக்கும் நாளிலோ அவர் கையில் இருப்பவை சில நிமிடங்களே. அரிதாக வந்து, வந்தால் உயிரோடு விளையாடும் இத்தகைய நிலைகளை, நோயாளி வரும்போது கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவதைக் கல்வி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சான்றும் இருக்கிறது. சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு 2009 இல் வெளியிட்ட ஆய்வில், இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரைக்குள் மையச் சிரைக் குழாய் செலுத்துவதைப் பயிலுநர்கள் பொம்மையில் முழுத் தேர்ச்சி வரும்வரை பழகினார்கள். அவர்கள் பணியாற்றிய தீவிர சிகிச்சைப் பிரிவில், குழாய்வழி வரும் இரத்தத் தொற்று ஆயிரம் குழாய் நாட்களுக்கு (ஒரு நோயாளியின் உடலில் குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு குழாய் நாள்) 3.20 என்ற அளவிலிருந்து 0.50 ஆகக் குறைந்தது. இதற்குப் பிறகும் தயங்குவது ஏன் என்று கேட்கத்தான் இந்த இழையைத் தொடங்கினேன்.

தராசுமுள்:
கழுத்தைக் கீறுவதில் தொடங்கி, மையச் சிரையில் வந்து முடித்துவிட்டீர்கள். இரண்டும் கைத்திறன்கள், படிப்படியாகப் பிரித்துக் கற்பிக்கக்கூடியவை. அவற்றைப் பொம்மையில் பழக வேண்டும் என்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் நீங்கள் கேட்பது கைத்திறனுக்கான நேரத்தை அல்லவே, பணிநேரத்தில் நான்கில் ஒரு பங்கை.

அவசர மருத்துவரின் நாள், காத்திருக்கும் இருபது பேரில் உண்மையிலேயே ஆபத்தில் இருப்பவர் யார் என்று கண்டுபிடிப்பதில் கழிகிறது. நெஞ்சு வலி என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு மாரடைப்பு இருப்பதில்லை. சிமுலேஷன் கூடத்திலோ நெஞ்சு வலி என்று ஒருவர் படுத்திருந்தால் ஐந்தாவது நிமிடத்தில் அவருடைய இதயம் நின்றே தீரும் என்பது கதவைத் திறக்கும்போதே எல்லோருக்கும் தெரியும். பயிலுநர், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரின் பக்கத்தில் போய் நின்றுகொள்வதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். விபரீதம் எப்போதும் நடக்கும் ஓர் உலகில் அறுநூறு மணி நேரம் பழகியவருடைய ஐயப்படும் திறன், நோயாளிகளிடையே அதே அறுநூறு மணி நேரத்தைக் கழித்தவருடையதைப் போல் வளருமா என்பதே என் கேள்வி.

சான்றைப் பற்றியும் ஒரு சொல். ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் 2011 இல் வந்த தொகுப்பாய்வு 609 ஆய்வுகளைத் திரட்டியது. அறிவிலும் திறனிலும் பெரிய முன்னேற்றம், நோயாளிக்குக் கிடைத்த பலனில் மிதமான முன்னேற்றம் என்பது அதன் முடிவு. ஆனால் அந்த ஒப்பீடு, எந்தப் பயிற்சியும் பெறாதவர்களோடு செய்யப்பட்டது. ஒன்றுமே கற்பிக்காததோடு ஒப்பிட்டால், எதைக் கற்பித்தாலும் பலன் தெரியத்தான் செய்யும்.

ஏழாம்படுக்கை:
நான் செவிலியர். பணிநேரத்துக்கு ஈடாகுமா என்ற கேள்வியை எங்கள் துறையில் நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதை இருவரும் விட்டுவிட்டீர்கள். அமெரிக்காவின் செவிலியர் வாரியங்களின் தேசியக் கவுன்சில் 2014 இல் வெளியிட்ட ஆய்வில், பத்துச் செவிலியர் கல்லூரிகளின் மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு மருத்துவமனை நேரத்தில் 25 விழுக்காட்டையும், மற்றொரு பகுதியினருக்கு 50 விழுக்காட்டையும் சிமுலேஷனாக மாற்றிப் பார்த்தார்கள். படிப்பின் முடிவிலும், தகுதித் தேர்விலும், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதங்களிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

ஆனாலும் நான் நள்ளிரவுப்பணி அவர்களின் பக்கம் முழுமையாக இல்லை. எங்கள் பிரிவில் ஒருநாள் இரவு, கூடத்துக்குப் போகாமல் நாங்கள் அன்றாடம் வேலை செய்யும் அறையிலேயே, எங்கள் அவசரக் கருவி வண்டியையும் எங்கள் மருந்துகளையும் கொண்டு இதய நிறுத்தம் ஒன்றை நடத்திப் பார்த்தோம். குழந்தைகளுக்கான டிஃபிப்ரிலேட்டர் ஒட்டுகள் பூட்டிய அலமாரியில் இருந்தன. சாவி வேறு மாடியில் இருந்தது. கட்டில் உயரமானது, ஏறி நிற்கப் படிமேடை இல்லை. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் ஆழம் என்று எல்லோரும் ஒப்பிக்கிறோம். என்னைப் போல் உயரம் குறைந்தவருக்கு அந்தக் கட்டிலில் பாதி ஆழம்கூட வரவில்லை. எல்லாப் பொருளும் அதனதன் இடத்தில் அடுக்கி வைத்திருக்கும் கூடத்தில் நூறு மணி நேரம் பழகினாலும் இது எங்களுக்குத் தெரிந்திருக்காது.

தராசுமுள்:
நீங்கள் சோதித்தது மருத்துவமனையை, பயிலுநரை அன்று. அதற்கு என் முழு ஆதரவு உண்டு. செவிலியர் ஆய்வு மதிப்புள்ளதுதான், ஆயினும் அதில் கற்பித்தவர்கள், பயிற்சி முடிந்ததும் நடந்ததை எல்லோருமாகப் பேசிப் பார்க்கும் அலசலை நடத்துவதற்கென்றே தனிப் பயிற்சி பெற்றவர்கள். எங்கள் துறைகளில் அலசல் என்ற பெயரில் நடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

முதலாண்டு:
பயிலுநர் என்ற முறையில் இதை மட்டும் சொல்கிறேன். பொம்மையின் மார்பை அழுத்தினால் ஆழம் சரியாக இருக்கும்போது ‘கிளிக்’ என்று ஒலி வரும். முதன்முதலில் உண்மையான ஒருவரின் மார்பை அழுத்தியபோது, கைக்கு அடியில் விலா எலும்பு முறிந்தது. முறியக்கூடும் என்று படித்திருந்தும் ஒரு கணம் கையை எடுத்துவிட்டேன். அதே இரவில், இரண்டு நிமிடம் ஆகிவிட்டது, ஆள் மாறுங்கள் என்று மூத்தவர்கள் நிறைந்த அறையில் உரக்கச் சொல்ல என்னால் முடிந்தது. அதைக் கூடத்தில் பத்துமுறை சொல்லிப் பழகியிருக்காவிட்டால் என் குரல் எழும்பியிருக்காது.

நள்ளிரவுப்பணி:
அந்தக் குரல்தான் என் வாதமே. 1980களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டில் டேவிட் கபாவும் உடன் பணியாற்றியவர்களும் மயக்கவியலுக்காக நெருக்கடிப் பயிற்சியை உருவாக்கியபோது, விமானிகளின் பயிற்சியிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது இதைத்தான்: யார் தலைமை, யார் எதைக் கவனிப்பது, சொன்னது காதில் விழுந்ததை எப்படி உறுதிசெய்வது.

ஆராய்ச்சியையும் மறந்துவிட வேண்டாம். அறுவை அரங்க நெருக்கடிகளில் சரிபார்ப்புப் பட்டியல் உதவுமா என்பதை உண்மை நோயாளிகளிடம் சீட்டுக் குலுக்கிச் சோதிக்க இயலாது. நெருக்கடி எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும், வந்தபின் யாரிடம் ஒப்புதல் வாங்குவது? நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 2013 இல் வெளியான ஆய்வில், 17 குழுக்கள் 106 பாவனை நெருக்கடிகளைக் கையாண்டன. பட்டியல் கையில் இருந்தபோது தவறவிட்ட படிகள் 6 விழுக்காடு. இல்லாதபோது 23 விழுக்காடு. பாவனை இல்லாமல் இந்த விடை நமக்குக் கிடைத்திருக்குமா?

தராசுமுள்:
கிடைத்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். அங்கே ஆராயப்பட்டது மனிதர்களின் நடத்தை, அந்த மனிதர்கள் உண்மையானவர்கள். பொம்மையின் உடலையே ஆராய்ச்சிப் பொருளாக்கும்போதுதான் சிக்கல். மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தும்போது தொண்டையைத் திரையில் காட்டும் வீடியோ லாரிங்கோஸ்கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எச்சிலோ இரத்தமோ வாந்தியோ இல்லாத பிளாஸ்டிக் தொண்டைகளில் அதைச் சோதித்து எழுதப்பட்ட கட்டுரைகள் ஏராளம். பிரான்ஸின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளிகளிடம் சோதித்து 2017 இல் வெளியிட்டபோது, முதல் முயற்சியிலேயே குழாய் செலுத்தி முடிப்பவர்களின் விழுக்காடு உயரவில்லை. பிறகு 1,417 நோயாளிகளைக் கொண்ட அமெரிக்க ஆய்வு 2023 இல் வந்தது: முதல் முயற்சி வெற்றி வீடியோ கருவியால் 85.1 விழுக்காடு, திரை இல்லாத நேரடிக் கருவியால் 70.8 விழுக்காடு. இந்த வழக்கை முடித்துவைக்கப் பொம்மையின் சாட்சியம் போதவில்லை.

ஏழாம்படுக்கை:
அப்படியானால் பொம்மையின் விலையைப் பற்றியும் பேசிவிடலாம். மூச்சுவிடும், கண் சிமிட்டும், வியர்க்கும் பொம்மைக்காகத் துறைகள் தவம் கிடக்கின்றன. மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப் நார்மனும் உடன் ஆய்வாளர்களும் 2012 இல் எழுதிய கட்டுரை, எளிய கருவியைவிட இயல்புத்தன்மை மிகுந்த விலையுயர்ந்த கருவியால் வரும் கூடுதல் பலன் மிகச் சிறிதே என்று காட்டியது. எங்கள் படிமேடைக்கு எந்த மின்கலமும் தேவைப்படவில்லை.

நள்ளிரவுப்பணி:
நான்கில் ஒரு பங்கு என்பதைத் திரும்பப் பெறுகிறேன். எவ்வளவு நேரம் என்பதைவிட எதற்கு என்று நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். இப்படி மாற்றி எழுதலாமா: அரிய செயல்முறைகளைப் பொம்மையில் தேர்ச்சிபெறும் வரை பழகுவது கட்டாயம், அந்த நேரம் பணிநேரக் கணக்கில் சேராது. மாதம் ஒருமுறை உயிர்மீட்பு அறையிலேயே பத்து நிமிடப் பயிற்சி, அதன்பின் அலசல். மார்பை அழுத்தி உயிர்மீட்கும் சி.பி.ஆர். திறன் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்குவதால், ஆண்டுக்கொரு முழுநாளைவிட இது மேல் என்றே நினைக்கிறேன். அறையில் நோயாளி நிறைந்திருந்தால் பயிற்சி ரத்து.

தராசுமுள்:
ஒரு நிபந்தனையோடு ஏற்கிறேன். ஐந்து பயிற்சிகளில் இரண்டிலாவது நோயாளிக்கு ஆபத்தான எதுவும் இருக்கக் கூடாது. எந்த இரண்டு என்பது பயிலுநருக்குத் தெரியவும் கூடாது.

நள்ளிரவுப்பணி:
பத்து நிமிடம் ஒன்றுமே நடக்காமல் போனால், பிறகு எதை அலசுவது?

தராசுமுள்:
அவரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று எந்த நிமிடத்தில் முடிவுசெய்தீர்கள், அதற்குமுன் யாரிடம் என்ன கேட்டீர்கள், தேவையில்லாமல் எந்தப் பரிசோதனைக்கு எழுதினீர்கள், எதைப் பார்த்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டீர்கள் என்பதையெல்லாம் அலசலாம். ஒரு மணி நேரம் போதாது.