அப்பல்லோ ஒலி ரிங்டோன் பட்டியலில் வரவில்லை, வந்தாலும் முகப்பு வரை கேட்கவில்லை: உதவி தேவை

காரைக்குடிப் பேத்தி:

வணக்கம். எங்கள் ஐயா (தாத்தா) ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். மனிதன் நிலவில் இறங்கியபோது அவர்கள் வேலைக்குச் சேர்ந்த புதிது. நம் நேரப்படி அது 1969 ஜூலை 21 அதிகாலை 1.47. விடிந்ததும் வானொலியில் செய்தி கேட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடியதை இன்றும் சொல்வார்கள். நிலவிலிருந்து வந்த அந்தக் குரலைத் தம் போனில் ரிங்டோனாக வைத்துத் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

நாசா தளத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றில் இரண்டை எடுத்தேன். ஒன்று, கழுகு (அவர்கள் இறங்கிய கலத்தின் பெயர்) தரையிறங்கிவிட்டது என்று ஆம்ஸ்ட்ராங் சொல்லும் இடம். இன்னொன்று, அப்பல்லோ 13 வீரர்கள் சிக்கல் என்று ஹூஸ்டனுக்குத் தெரிவிக்கும் இடம். கோப்புகள் ஐயாவின் போனில் ஏறிவிட்டன. ரிங்டோன் பட்டியலில் மட்டும் தென்படவில்லை. பெயரின் முடிவில் எம்4ஆர் என்று இருக்கிறது. போன் ஆண்ட்ராய்டு.

இன்னொரு தொல்லையும் உண்டு. என் போனில் எம்பி3 வடிவத்தை வைத்து ஒலிக்கவிட்டுப் பார்த்தேன். எங்களுடையது பழைய வீடு. ஐயா முகப்புத் திண்ணையில் இருப்பார்கள், போன் உள்ளே பட்டாலையில் (கூடத்தில்) மேசைமேல் கிடக்கும். சாதாரண மணி திண்ணை வரை கேட்கிறது. இந்த ஒலி வெறும் கரகரப்பாகத்தான் வந்து சேர்கிறது. ஐயாவுக்கு எண்பது கடந்துவிட்டது, காதும் சற்று மந்தம். பேசாமல் பழைய மணியையே வைத்துவிடு என்கிறார்கள் அப்பச்சி (அப்பா). ஐயா ஆசைப்பட்டுக் கேட்டதை அப்படி விட்டுவிட எனக்கு மனமில்லை.

தேவகோட்டை ரஸ்தா:

முதல் சிக்கல் எளிது. எம்4ஆர் ஐபோன் ரிங்டோனுக்கான வடிவம். உள்ளே இருப்பது வழக்கமான ஏஏசி ஒலிதான். பெயரின் முடிவை எம்4ஏ என்று மாற்றினால் போதும், அல்லது எம்பி3 வடிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு போனின் உள்சேமிப்பில் 'ரிங்டோன்ஸ்' என்ற கோப்புறைக்குள் அதை நகர்த்துங்கள். பதிவிறக்கக் கோப்புறையிலேயே கிடந்தால் சில போன்கள் பட்டியலில் காட்டுவதில்லை. நகர்த்திய பிறகும் வரவில்லையென்றால் போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

நாசாவின் ஒலிப்பதிவுகளுக்குப் பொதுவாகக் காப்புரிமை கிடையாது. சொந்தப் போனில் வைத்துக்கொள்ளத் தடையேதும் இல்லை.

பள்ளத்தூர் மைக்செட்:

தங்கச்சி, இரண்டாவது சிக்கலுக்குக் காரணம் போன் மட்டுமல்ல, உங்கள் பட்டாலையும்தான். உயரமான கூரை, வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடிக் கல் பாவிய தரை. ஒலியை உறிஞ்ச ஒரு துணிகூட இருக்காது. இத்தகைய வீடுகளில் கல்யாணத்துக்கு மைக் செட் கட்டுகிறவன் என்பதால் சொல்கிறேன்: பேச்சு அங்கே சுவருக்குச் சுவர் மோதி ஒன்றன்மேல் ஒன்று விழும், மெல்லின வல்லினமெல்லாம் குழம்பிவிடும். சத்தத்தைக் கூட்டினால் குழப்பமும் கூடுமே தவிரத் தெளிவு வராது. விண்ணிலிருந்து வந்த குரலோ முதலிலேயே குறுகிய அலைவரிசையில் நசுங்கி, இரைச்சலோடு வந்தது. போனின் சின்ன ஒலிபெருக்கி மிச்சத்தையும் விழுங்கிவிடுகிறது.

அங்கே தாக்குப்பிடிப்பது விட்டுவிட்டு ஒலிக்கும் ஒற்றைச் சுருதிதான். அப்பல்லோ பேச்சுக்கு இடையிடையே 'பீப்' என்று ஒன்று வருமே, அதற்குக் குவிண்டார் ஒலி என்று பெயர். அது வீரர்கள் எழுப்பியதன்று. ஹூஸ்டனிலிருந்து பேசத் தொடங்கும்போது 2525 ஹெர்ட்ஸில் கால் விநாடி ஒலித்து, தொலைவிலுள்ள தரைநிலையத்தின் ஒலிபரப்பியை இயக்கும். பேசி முடித்ததும் 2475 ஹெர்ட்ஸில் ஒலித்து நிறுத்தும். உங்கள் வயதுக்காரர்களுக்கு அதைவிட நல்ல ரிங்டோன் இல்லை, ஏனென்றால் நம் காது மிகக் கூர்மையாக இருக்கும் பகுதிக்குள் அது விழுகிறது. ஆனால் வயதானால் முதலில் குறைவது உயர்ந்த சுருதிகளைக் கேட்கும் திறன்தான். ஐயாவுக்கு அது சரிப்படாமல் போகலாம்.

அதனால் ஸ்புட்னிக்கை எடுங்கள். 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் நாடு ஏவிய முதல் செயற்கைக்கோள் அது, 83.6 கிலோ கோளம். மின்கலம் தீரும்வரை 21 நாள், 20.005, 40.002 மெகாஹெர்ட்ஸ் அலைகளில் சின்னச் சின்னத் துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. அந்தத் துடிப்பு என்ன சுருதியில் காதில் விழும் என்பது கேட்பவர் வானொலிப் பெட்டியைத் திருகி வைத்ததைப் பொறுத்தது. ஆகவே சுருதியை 800 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறக்கினாலும் வரலாற்றைத் திரித்ததாகாது. கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருள் போதும். தொடக்கத்தில் இருக்கும் அமைதியை வெட்டுங்கள், 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள இரைச்சலை நீக்குங்கள், கடைசியாக ஒலியளவை உச்சத்துக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்து நிறுத்துங்கள். முதல் ஆறேழு விநாடி இந்தத் துடிப்பு, அதன்பின் ஆம்ஸ்ட்ராங் குரல் என்று ஒட்டிவிடுங்கள்.

நம் நாட்டில் கைப்பேசி மணி 30 விநாடிதான் அடிக்கும், 2019-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்த விதி. ஆகவே தொடக்கமே உரக்க இருக்கவேண்டும். மெல்ல உயரும் மணி என்ற அமைப்பு போனில் இருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள்.

அரியக்குடி வாசகர்:

மைக்செட் அண்ணன் சொன்ன ஒலிக்கணக்கு சரி. ஒட்டுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்புட்னிக் சோவியத்தின் சாதனை, அப்பல்லோ அமெரிக்காவின் சாதனை; இரண்டுக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள். ஒன்றாக ஒட்டினால் கேட்கும் குழந்தைகள் ஒரே பயணம் என்று நினைத்துக்கொள்வார்கள். துடிப்பு ரிங்டோனாக இருக்கட்டும். குரலைத் தனியே அலாரமாக வையுங்கள், தலைமாட்டில் ஒலிக்கும்போது சொற்கள் தெளிவாகவே கேட்கும்.

அப்பல்லோ 13 வேண்டாம், தங்கை. 1970 ஏப்ரலில், பூமியிலிருந்து ஏறத்தாழ 3.2 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபின் ஸ்விகெர்ட் சொன்னதும், லவெல் மறுபடி சொன்னதும்தான் அந்தப் பகுதி. உயிருக்குப் போராடியவர்களின் குரல். நள்ளிரவில் போன் வந்தாலே பதறும் வயதில் இருப்பவர்களுக்கு அது எதற்கு?

தேவகோட்டை ரஸ்தா:

மூவரும் உயிரோடு திரும்பினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எனக்கு அது நம்பிக்கை தரும் ஒலி. இருந்தாலும் இரவு நேரம் பற்றி நீங்கள் சொல்வது நியாயம்.

நம் ஊர்க் குரல் ஒன்றும் இருக்கலாமே? ஸ்ரீஹரிகோட்டாவில் கவுண்டவுன் அறிவித்துவந்த வளர்மதி அம்மையாரின் கடைசி அறிவிப்பு சந்திரயான்-3 ஏவுதல் என்று 2023-இல் அவர் மறைந்தபோது செய்தி வந்தது. அந்த ஏவுதலின் ஒளிபரப்பு இணையத்தில் இருக்கிறது.

காரைக்குடிப் பேத்தி:

எல்லோருக்கும் நன்றி. பெயரை எம்4ஏ என்று மாற்றி 'ரிங்டோன்ஸ்' கோப்புறையில் போட்டதும் பட்டியலில் வந்துவிட்டது. ஐயாவிடம் மூன்று சுருதிகளை ஒலிக்கவிட்டுக் காட்டினேன். குவிண்டார் ஒலி பட்டாலையிலிருந்து அவர்களுக்குக் கேட்கவே இல்லை. தாழ்ந்த சுருதியில் இருந்த ஸ்புட்னிக் திண்ணை வரை தெளிவாகக் கேட்டது. ஒட்டவேண்டாம் என்று அவர்களும் சொல்லிவிட்டார்கள். ஆம்ஸ்ட்ராங் காலை அலாரமாகிவிட்டார். என் எண்ணிலிருந்து அழைத்தால் மட்டும் கவுண்டவுன் ஒலிக்கவேண்டுமாம். அதற்கு வழி உண்டா?

தேவகோட்டை ரஸ்தா:

உண்டு. தொடர்புகளில் உங்கள் பெயரைத் திறந்து, திருத்தும் இடத்திலோ மூன்று புள்ளிப் பட்டியலிலோ ரிங்டோன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். எண் சிம் அட்டையில் சேமித்திருந்தால் அந்த வசதி தென்படாது. முதலில் போனுக்கு நகர்த்திக்கொள்ளுங்கள். பத்திலிருந்து சுழியம் வரை எண்ணும் பகுதியை மட்டும் வெட்டுங்கள், இரைச்சல் தொடங்குமுன் நிறுத்திவிடுங்கள். பிற்பாடு ஐயாவுக்குப் புதுப் போன் வாங்கினால் கோப்பையும் கூடவே மாற்றி, இந்த அமைப்பை மறுபடி செய்யவேண்டியிருக்கும்.