உதவி: பீட்டிலில ஒயில் ஒழுகுது, எஞ்சின் இறக்காமல் புஷ்ரொட் டியூப் மாத்த ஏலுமோ?

வல்லைவெளி | மாலை 6.40
அவசரம். பீட்டில் கார். கீழால ஒயில் ஒழுகி ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு (எக்ஸோஸ்ட் சூட்டால ஹீட்டர் காத்தைச் சூடாக்கிற பெட்டி) மேல விழுந்து புகையுது. ஹீட்டரைத் திறந்தால் உள்ளுக்கயும் மணம். புஷ்ரொட் டியூப் (வால்வைத் தள்ளுற கம்பி போற குழாய்) பழுதாப் போட்டுதாம், எஞ்சினை இறக்கி ஹெட் (சிலிண்டர் மூடி) கழட்ட வேணுமாம் எண்டு கராஜில சொல்லுகினம். இறக்காமல் செய்ய வழி இருக்கோ? ஞாயிற்றுக்கிழமைக்குள்ள கார் ஓட வேணும்.

பின்_எஞ்சின் | மாலை 6.58
எந்த எஞ்சின் எண்டு சொல்லேல்லையே தம்பி. எந்தப் பக்கம்? ஓடேக்க ஒழுகுதோ, நிப்பாட்டின பிறகோ? டைனமோ நிக்கிற தாங்கிக்குக் கீழ கேசில (எஞ்சின் உடம்பில) நம்பர் குத்தியிருக்கும், அதின்ர முதல் எழுத்தைப் பாருங்கோ. டி எண்டால் 1200 சிசி, எஃப் எண்டால் 1300, எச் எண்டால் 1500. பழைய 1200க்கு டியூப் நீளம் வேற, அதாலதான் கேக்கிறன்.

நொய்யல்கரை | இரவு 7.15
புஷ்ராட் டியூபா இருக்காதுங்க. ஆயில் கூலர் சீல்தான். அந்த ரெண்டு சின்ன ரப்பர் காய்ஞ்சு போச்சுன்னா ஆயில் பிரஷரோட வந்து சிலிண்டர் வழியா இறங்கி, கீழ பார்த்தா டியூப் ஒழுகற மாதிரியே தெரியும். கேஸ்ல துளை 8 மில்லியா 10 மில்லியான்னு பார்த்துட்டு சீல் வாங்குங்க, 1970ல இருந்து 10 மில்லி. மாத்திப் போட்டா அன்னைக்கே ஒழுகும்.

பழைய_கை | இரவு 7.31
உதுக்கு ஒரு இழை தேவையோ? எஞ்சினைப் பிடிச்சிருக்கிறது மேல ரெண்டு போல்ட், கீழ ரெண்டு நட், எல்லாம் 17 சாவி. பெற்றோல் குழாய், அக்சிலேட்டர் கேபிள், ஹீட்டர் கேபிள், வயர், பின் தகரம். அவ்வளவுதான். எஞ்சின் இறக்கத் தெரியாதவை பீட்டிலைத் தொடக் கூடாது. ஒழுங்கான டியூப், ஒழுங்கான சீல், ஹெட்டைக் கழட்டிப் போடுறதுதான் வேலை. மிச்சமெல்லாம் ஒட்டு.

மண்ணெண்ணெய் | இரவு 7.50
இறக்கத் தெரிஞ்சாலும், நூறு கிலோவுக்கு மேல பாரத்தைத் தனி ஒருத்தர் ஜக்கில வைச்சு இறக்குறது ஆபத்து அண்ணை. முதல்ல ஒழுக்கு எங்க எண்டு கண்டுபிடிக்கட்டும்.

வல்லைவெளி, டெப்பட் கவர் (வால்வுகளை மூடுற தகரம்) கஸ்கட் மாத்தினீங்களோ? அதால ஒழுகிறதும் அதே இடத்திலதான் சொட்டும். எஞ்சின் ஆறின பிறகு கீழ்ப்பக்கத்தை மண்ணெண்ணெய் போட்டு பிரஷால கழுவி, துடைச்சு, வடிவாக் காய விடுங்கோ. டியூபுகளின்ர ரெண்டு முனையிலயும் முகப்பவுடர் தூவுங்கோ. பத்து நிமிசம் ஓட விட்டு நிப்பாட்டி, கால் மணித்தியாலம் கழிச்சு டோர்ச் அடிச்சுப் பார்த்தால் வெள்ளையில ஈரம் தொடங்கின இடம் தெரியும். சொட்டுற இடத்தைப் பாக்காதேங்கோ, தொடங்கின இடத்தைப் பாருங்கோ.

வல்லைவெளி | இரவு 9.05
வலப்பக்கம். நம்பர் எச். கவர் கஸ்கட் போன மாசம் மாத்தினது. நிப்பாட்டின பிறகுதான் கூடச் சொட்டுது.

பின்_எஞ்சின் | இரவு 9.40
எச் எண்டால் 1500. வலப்பக்கம் எண்டதால கூலர் இல்லை, கூலர் நிக்கிறது இடப்பக்கம் 3ஆம் சிலிண்டருக்கு மேல. அதோட கூலர் ஒழுகினால் ஓடேக்கதான் கூட வரும், ஏனெண்டால் அதுக்குள்ள பிரஷர் இருக்கு. டியூபுக்குள்ள பிரஷர் இல்லை. டெப்பட் பெட்டியில சேருற ஒயில் அந்த டியூபுகளாலதான் திரும்பக் கேசுக்கு வடியுது. நிப்பாட்டினாப் பிறகும் வடியும், அதுதான் அப்ப சொட்டுறது.

கராஜில சொன்னது கொம்பனி டியூபுக்குச் சரி. அது ஒரே துண்டு, ஹெட்டுக்கும் கேசுக்கும் நடுவில நெரிபட்டு நிக்கும், 1500க்கு 190 மில்லிமீட்டருக்கு இழுத்துத்தான் போட வேணும். ஹெட்டை அசைக்காமல் போகாது. ஆனா ரெண்டு துண்டா, நடுவில ஸ்பிரிங் வைச்ச டியூப் விக்குது. அதை அமத்திச் சுருக்கி இடத்தில வைச்சு விட்டால் தானா விரிஞ்சு ரெண்டு பக்கமும் இறுகும்.

எஞ்சின் ஒரு இரவு முழுக்க ஆற வேணும். பற்றறியைக் கழட்டி, பின் சில்லைக் கழட்டி, காரை ஸ்டாண்டில நிப்பாட்டுங்கோ. ஜக்கை மட்டும் நம்பிக் கீழ போகாதேங்கோ. ஒயிலை இறக்குங்கோ, 2.5 லீற்றர்தான். கம்பி வளையத்தை நெம்பி டெப்பட் கவரை எடுத்தால் ஒரு கோப்பை அளவு வரும், தட்டு வையுங்கோ.

வலப்பக்கத்தில முன்னுக்கு இருக்கிற சிலிண்டர் 1, பின் பம்பர் பக்கம் 2. மாத்திற சிலிண்டரின்ர ரெண்டு வால்வும் மூடியிருக்கிற நிலைக்குக் கிராங் புலியை (பெல்ட் ஓடுற கீழ்ச் சில்லை) சுத்துங்கோ. ரொக்கர் ஷாப்ட்டின்ர (வால்வை அமத்திற கைகள் நிக்கிற தண்டு) ரெண்டு 13 நட்டையும் மாறி மாறி அரைச் சுத்தாக் கழட்டுங்கோ, மற்றச் சிலிண்டரின்ர ஸ்பிரிங் தள்ளிக்கொண்டு நிக்கும். புஷ்ரொட்டுகளை உருவி, மட்டையில ஓட்டை போட்டு வரிசையாக் குத்தி வையுங்கோ. கண்ணாடியில உருட்டிப் பாருங்கோ, துள்ளினால் வளைஞ்சது. உள்ள புஷ்ரொட்டைத் தள்ளுற லிஃப்டர் விழுமோ எண்டு பயப்படாதேங்கோ, இந்த எஞ்சினில அதின்ர அடி அகலம், வெளியால வராது.

பழைய டியூபை பிளையரால நசுக்கி இழுத்தால் வரும். ஒட்டியிருக்கிற பழைய சீல் பேக்கலைட் மாதிரி இறுகியிருக்கும், ஓட்டைக்குள்ள துணியை அடைச்சுப் போட்டு மரக் குச்சியால சுரண்டுங்கோ. ஒரு துண்டும் கேசுக்குள்ள விழக் கூடாது. இருப்பிடம் விரலுக்கு வழுவழுப்பா வந்த பிறகுதான் புதுச் சீல்.

பூட்டேக்க பிழைக்கிற இடம் ஒண்டுதான்: புஷ்ரொட் லிஃப்டரின்ர குழிக்குள்ள இருக்காமல் விளிம்பில நிக்கும். அப்பிடியே ரொக்கரை இறுக்கினால் ரொட் வளைஞ்சு போகும். கையால அமத்தி லேசாச் சுத்திப் பாருங்கோ, குழியில இருந்தால் நடுவில நிண்டு சுழலும், விளிம்பில நிண்டால் வழுக்கும். நாலும் சரியெண்ட பிறகு ரொக்கரை வைச்சு, ரெண்டு நட்டையும் மாறி மாறி இறுக்கி 25 நியூட்டன்மீட்டரில விடுங்கோ. கூட இறுக்கினால் ஸ்டட் (நட் பூட்டுற திருகுக் கம்பி) ஹெட்டில இருந்து பிடுங்கிக்கொண்டு வரும். 30 சாவியால புலியை ரெண்டு முழுச் சுத்துக் கையால சுத்திப் பார்க்காமல் ஸ்டார்ட் பண்ண வேண்டாம். கவர் கஸ்கட்டை கவர் பக்கம் மட்டும் ஒட்டுங்கோ, ஹெட் பக்கம் காய்ஞ்சபடி இருக்கட்டும்.

நொய்யல்கரை | இரவு 10.02
வலது பக்கம்னா சரி, கூலர் இல்ல, ஒத்துக்கறேன். ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கழட்டாம கை போகுமா? 2ஆம் சிலிண்டருக்குப் போகும், 1க்கு ரொம்ப நெருக்கம். கழட்டறதா இருந்தா ஹெட்ல இருக்கற ரெண்டு நட்டுக்கும் முந்தின நாளே துருநீக்கி விட்டு ஊற வைங்க. வராத நட்டை முறுக்கி ஸ்டட் உடைஞ்சா, அப்பத்தான் நிஜமாவே எஞ்சினை இறக்கணும்.

வேலை முடிஞ்சதும் டேப்பட் (வால்வு இடைவெளி) 4 தௌ, அதாவது அங்குலத்துல ஆயிரத்துல 4 பங்கு வைங்க. 1500க்கு ஸ்டிக்கர்ல 4தான் இருக்கும்.

பின்_எஞ்சின் | இரவு 10.10
4 வேண்டாம், 6. அதாவது 0.15 மில்லிமீட்டர். முதல்ல 0.10 எண்டு அச்சடிச்சாலும் பிறகு கொம்பனியே 0.15க்கு மாத்தினது.

பழைய_கை | இரவு 10.22
6 வைச்சால் தையல் மெசின் மாதிரிச் சத்தம் வரும். சத்தமில்லாத எஞ்சின்தான் நல்லாச் செட் பண்ணின எஞ்சின்.

மண்ணெண்ணெய் | இரவு 10.35
அதுதான் பிழையான எண்ணம் அண்ணை. தளர்ந்த வால்வு சத்தம் போடும், ஆனா எரியாது. இறுகின வால்வு சத்தம் போடாது, எரியும். எக்ஸோஸ்ட் வால்வு தன்ர சூட்டைக் கொடுக்கிறது சீட்டில (வால்வு போய் மூடுற வளையத்தில) இருக்கிற நேரத்திலதான். ஓட ஓட வால்வு நீண்டும் சீட் தேய்ஞ்சும் இடைவெளி குறையும், 4 வைச்சால் கெதியா பூச்சியத்துக்கு வந்திடும். பிறகு வால்வு முழுக்க மூடாது. அதுவும் இந்த 1500 எஞ்சினில 3ஆம் சிலிண்டருக்கு மேல கூலர் காத்தை மறிச்சுக்கொண்டு நிக்குது.

நொய்யல்கரை | இரவு 10.41
இரும்பு புஷ்ராட் போட்டவங்க பூஜ்யத்துக்கே வைக்கறாங்களே?

பின்_எஞ்சின் | இரவு 10.49
அது குரோமொலி எண்ட உருக்கு ரொட். எஞ்சின் சூடாகி விரியிற அளவுக்கு அது விரியாது, அதால இடைவெளி சூட்டில கூடும். கொம்பனி ரொட் அலுமினியம், எஞ்சினோட சேர்ந்து தானும் விரியும். ரெண்டுக்கும் ஒரே கணக்குப் போட ஏலாது.

வல்லைவெளி, டெப்பட் பாக்கிறது: 1ஆம் சிலிண்டரின்ர ரெண்டு வால்வும் மூடி, பிஸ்டன் உச்சியில நிக்கிற மார்க்குக்குக் கொண்டு வந்து ரெண்டு வால்வும் பாருங்கோ. பிறகு புலியை இடப்பக்கமா அரைச் சுத்து, 2. இன்னொரு அரை, 3. இன்னொண்டு, 4. ஃபயரிங் ஓர்டர் (சிலிண்டர் வெடிக்கிற வரிசை) 1-4-3-2, பின்னால சுத்தேக்க அது 1-2-3-4 ஆகுது. 500 கிலோமீட்டர் ஓடின பிறகு திரும்பவும் ஒருக்கா.

பழைய_கை | இரவு 10.57
ஸ்பிரிங் டியூப் நடுவில இருக்கிற ஓ-ரிங் ரெண்டு வருசத்தில ஒழுகும். அப்ப என்னெண்டு சொல்லுங்கோ.

மண்ணெண்ணெய் | இரவு 11.04
ஒழுகினால் அதே வழியில அரை நாளில மாத்தலாம். அதுக்காகத்தானே அந்த டியூப்.

வல்லைவெளி | ஞாயிறு, மாலை 4.15
முடிஞ்சுது. 2ஆம் சிலிண்டரின்ர எக்ஸோஸ்ட் வால்வுக்குரிய புஷ்ரொட் டியூப், கேஸ் பக்கத்து மடிப்பில துரு தின்டு ஊசி ஓட்டை. பவுடரில தெரிஞ்சுது. அந்தச் சிலிண்டரின்ர ரெண்டும் மாத்தினது, ஹீட் எக்ஸ்சேஞ்சர் கழட்டேல்லை. 40 கிலோமீட்டர் ஓடிப் பாத்தன், கீழ காய்ஞ்சு கிடக்கு. எல்லாருக்கும் நன்றி.

நொய்யல்கரை | ஞாயிறு, மாலை 4.32
சந்தோசம். டேப்பட் 4 வச்சீங்களா 6 வச்சீங்களா?

பின்_எஞ்சின் | ஞாயிறு, இரவு 8.10
1இன்ர ரெண்டு டியூபும் அதே வயசுதான், அதின்ர மடிப்பையும் டோர்ச் அடிச்சுப் பாத்தீங்களோ?