கழுவக் கழுவ வாடை கூடுகிறதே, ஏன்?

விசுவமடுக்காரி:
எனக்கு 31 வயது. நாலு மாதமாக வெள்ளை படுகிறது. சாம்பல் நிறம், தண்ணிப்பதம், மீன் கழுவிய தண்ணீர் வாடை. அவரோடு சேர்ந்த அடுத்த நாள் இன்னும் மோசம். கடி இல்லை. வயலுக்குள் நிற்கிற ஊத்தைதான் என்று நினைத்து, வாளித் தண்ணீரில் ஒரு மூடி கிருமிநாசினி விட்டு உள்ளேயும் கழுவுகிறேன். இரண்டு நாள் சரி, பிறகு பழையபடி. பாமசியில் வாங்கிய பூஞ்சணக் கிறீமும் கேட்கவில்லை. பிள்ளைக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அதுதான் பயம். எங்கள் பகுதி மிட்வைஃபிடம் சொல்ல வாய் வரவில்லை, அவ மாமியின் சிநேகிதி.

மாங்குளம் அக்கா, ஓய்வுபெற்ற மிட்வைஃப்:
தங்கச்சி, அந்தப் போத்தலை முதலில் கக்கூசுக்கு ஒதுக்கி வையுங்கோ. பெண்ணுறுப்பின் உள்பக்கம் ஊத்தை இடம் இல்லை. அங்கே லாக்டோபசிலஸ் என்ற பக்டீரியா குடியிருந்து லாக்டிக் அமிலம் சுரக்கும், பிஎச் 4.5க்குக் கீழே நிற்கும். அந்தப் புளிப்பில் மற்றதுகள் தலைதூக்காது. டோடர்லைன் என்ற ஜெர்மன் டொக்டர் 1892இலேயே எழுதிவைத்த சங்கதி. உள்ளே கழுவினால் முதலில் போவது இதுகள்தான். பிறகு கார்ட்னெரெல்லா போன்ற வேறு பக்டீரியாக்கள் பெருகும். விந்து காரத்தன்மை உள்ளது, அது பட்டதும் வாடை கிளம்பும்.

நீங்கள் சொல்வது பக்டீரியல் வெஜினோசிஸ் போலக் கிடக்கு, அதாவது அங்கத்தைப் பக்டீரியாச் சமநிலை குலைகிறது. பூஞ்சணம் என்றால் தயிர்க்கட்டி மாதிரிப் படும், கடிக்கும். கூச்சம் என்றால் வேறு ஊர் கிளினிக்குக்குப் போங்கோ. இப்படியே விட்டால் மேலே கருப்பைக்குத் தொற்று ஏறவும், வயிற்றில் பிள்ளை தங்கினபிறகு குறைமாதத்தில் பிறக்கவும் வாய்ப்புக் கூடும். ஆகையால் இப்பவே காட்டுங்கோ.

முத்தையன்கட்டுப் பெட்டை:
அக்கா, எருமைத் தயிர் பூசினால்? அதிலும் அந்தக் கிருமிதானே. அம்மம்மா வேப்பிலை அவித்த தண்ணியும் சொன்னா.

மாங்குளம் அக்கா:
தயிர் சோற்றுக்கு, பிள்ளை. அதில் உள்ளது வேறு இனம், அங்கே தங்காது. வேப்பந்தண்ணியும் உள்ளே வேண்டாம். வெளியே வெறும் தண்ணி போதும்.

விசுவமடுக்காரி:
கிளிநொச்சிக்கே போய்க் காட்டினேன், அக்கா. நீங்கள் சொன்னதேதான். மெட்ரோனிடசோல் என்ற குளிசை 7 நாளைக்குத் தந்திருக்கிறார்கள். நாலாம் நாளே வாடை இல்லை, ஆனால் முடிக்கத்தான் போகிறேன். வாயெல்லாம் தகரம் நக்கின ருசி. மாமி கேட்டா, வயிற்றுவலிக்குளிசை என்று சொல்லிவிட்டேன்.