முந்த்ரா மீனவர்கள் வென்றார்களாம். எதை?

கரைவலை:
நேற்று வேறோர் இழையில் நீதித்தராசு போகிறபோக்கில் ஒரு வரியை உதிர்த்துவிட்டுப் போனார்: "உலக வங்கிக் குழுமத்தைக் கேள்வி கேட்க ஆளில்லை என்பது பழைய கதை. முந்த்ரா மீனவர்கள் 2019-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலேயே வென்றார்கள்." அதற்குக் கைதட்டல் வேறு. எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். வென்று என்ன வாங்கினார்கள்? குஜராத்தின் கட்ச் கரையில், முந்த்ராவில் 4,000 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம். அதற்கு 2008-இல் ஐ.எஃப்.சி., அதாவது உலக வங்கிக் குழுமத்தில் தனியார் நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கும் பிரிவு, கொடுத்த கடன் 45 கோடி டாலர். நிலையத்தின் வெந்நீர் கடலில் கலந்து மீன் போச்சு, காயப்போட்ட மீன்மேல் நிலக்கரித் தூள் படிகிறது என்பது அவர்கள் புகார். தூள் நின்றதா? நட்டஈடு வந்ததா?

நீதித்தராசு:
வழக்கின் பெயர் ஜாம் எதிர் ஐ.எஃப்.சி. தீர்ப்பு 2019 பிப்ரவரி 27. நீதிபதிகள் ஏழுக்கு ஒன்று. சர்வதேச அமைப்புகளுக்கு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தரும் 1945-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தைக் காட்டி "எங்கள்மேல் வழக்கே போட முடியாது" என்று ஐ.எஃப்.சி. சொல்லிவந்தது. வெளிநாட்டு அரசுகளுக்கு இன்று என்ன பாதுகாப்போ அதுதான் உங்களுக்கும், அதற்குமேல் கிடையாது என்றது நீதிமன்றம். இது வெற்றி இல்லை என்றால் வேறு சொல் நீங்களே சொல்லுங்கள் ஐயா.

கரைவலை:
சொல்கிறேன். "உள்ளே வரலாம்" என்றார்கள், அவ்வளவுதான். உள்ளே போனதும் நடந்ததை ஏன் எழுதவில்லை? அமெரிக்காவில் நடந்த வணிகச் செயல் என்றால்தான் வெளிநாட்டு அரசின் அந்தப் பாதுகாப்பு விலகும். 2020-இல் கீழ் நீதிமன்றம், "பிரச்சினையின் மையச் செயல் அமெரிக்காவில் நடக்கவில்லை" என்று தள்ளுபடி செய்தது. 2021-இல் மேல்முறையீட்டிலும் அதே. 2022-இல் உச்ச நீதிமன்றம் கையில் எடுக்கவே மறுத்தது. வென்று எதை வாங்கினார்கள்?

மழைக்காகம்:
ஏழும் ஒன்றும் எட்டு. ஒன்பது பேர் இருக்கும் நீதிமன்றத்தில் மிச்சம் ஒருவர் எங்கே போனார்?

நீதித்தராசு:
நீதிபதி கவனா பங்கேற்கவில்லை. எதிர்த்து எழுதியவர் பிரேயர். தீர்ப்பைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

கரைவலை:
படித்தவர்கள் 2022 வரை படித்திருக்கலாமே.

கணக்குப்பிள்ளை:
இருவரும் வழக்கிலேயே நில்லுங்கள். அந்த நிலையத்தைக் கட்டியதே குஜராத், மகாராஷ்டிரம், ராஜஸ்தான், ஹரியானா, பஞ்சாப் என்று ஐந்து மாநிலங்களுக்கு மின்சாரம் கொடுக்கத்தான். ஐ.எஃப்.சி.யிடமாவது புகார் கொடுக்க ஒரு கதவு உண்டு. இப்படியே வழக்கு வழக்கு என்று விரட்டினால் கதவே இல்லாத வங்கி வந்து கடன் கொடுக்கும். அப்போது எங்கே போய் அழுவீர்கள்?

கரைவலை:
அந்தக் கதவைத் தட்டினார்களா இல்லையா? 2011-இல் சி.ஏ.ஓ.விடம் புகார் கொடுத்தார்கள். ஐ.எஃப்.சி.யின் சொந்தக் குறைகேட்பு அலுவலகம்தான் அது. 2013-இல் அதுவே அறிக்கை கொடுத்தது: கரையில் பருவகாலத்தில் தங்கி மீன்பிடிக்கும் குடும்பங்களை ஐ.எஃப்.சி. உரியபடி கணக்கில் எடுக்கவில்லை என்று. யோசித்துப் பாருங்கள். வருடத்தில் பெரும்பகுதி குடிசை போட்டு, மீன் காயப்போட்டு, பிள்ளை வளர்க்கும் இடம். ஆய்வு செய்தவர் கண்ணுக்கு அது வெறும் கடற்கரை. சரி, குற்றம் கண்டுபிடித்தார்களே, பணம் வந்ததா? சி.ஏ.ஓ. கண்டுபிடிக்கலாம், கட்டளையிட முடியாது. அன்றைக்கு அது அறிக்கை கொடுத்ததும் குழுமத் தலைவரிடம்தான். 2021-இல்தான் இயக்குநர் குழுவிடம் மாற்றினார்கள். இதற்குப் பெயர் சுயாதீனமாம்!

நீதித்தராசு:
உங்களுக்கு எதுவுமே போதாது. நர்மதையை மறந்துவிட்டீர்களா? அங்கே கட்டிய சர்தார் சரோவர் அணைக்கு 1985-இல் உலக வங்கி கொடுத்தது 45 கோடி டாலர். அந்தத் திட்டத்தை ஆராய வங்கியே அமைத்த மோர்ஸ் குழு 1992-இல் கிழித்துத் தொங்கவிட்டது. 1993-இல் மிச்சக் கடனே வேண்டாம் என்றது இந்தியா. அதே வருடம் உலக வங்கி, பாதிக்கப்பட்டவர்களின் புகாரை விசாரிக்க ஆய்வுக்குழு என்ற ஒன்றை அமைத்தது. அதன் முதல் புகார் நேபாளத்தின் அருண்-3 நீர்மின் திட்டம். 1995-இல் வங்கி விலகியது. கதவு திறந்தால் காற்று வரும் ஐயா.

கணக்குப்பிள்ளை:
45 கோடி முந்த்ராவுக்கு என்று கரைவலை சொன்னார், நீங்கள் நர்மதைக்கு என்கிறீர்கள். முதலில் உங்களுக்குள் பேசி முடியுங்கள்.

நீதித்தராசு:
இரண்டும் 45 கோடிதான்! வேறு வேறு கடன்.

கணக்குப்பிள்ளை:
வசதியான கணக்கு.

மழைக்காகம்:
பெயர் மட்டும் கணக்குப்பிள்ளை.

கணக்குப்பிள்ளை:
போன மாதம் நிலுவை வட்டி இழையில் உம்மைத் திருத்தியதற்கு இன்னும் கடுப்பா?

மழைக்காகம்:
திருத்தவில்லை. நீங்கள் கூட்டு வட்டியைத் தனி வட்டி என்றீர்கள். படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

கரைவலை:
வட்டியை அப்புறம் பாருங்கள். நர்மதையில் வங்கி போனது, அணை போகவில்லை. 138.68 மீட்டர் உயரத்துக்குக் கட்டி 2017-இல் திறப்புவிழாவும் ஆயிற்று. ஆய்வுக்குழு வங்கி தன் சொந்த விதிப்படி நடந்ததா என்று பார்க்கும். நட்டஈடு உத்தரவு போடாது. கடன் கொடுத்தவன் விலகிவிட்டால் கணக்கு தீர்ந்ததா? மூழ்கியவனுக்கு வங்கி கிளம்பிய தேதி எதற்கு? சுயாதீனப் பொறுப்புக்கூறல் என்றால், இழந்தவன் கையில் ஏதாவது வந்து சேரவேண்டும். முந்த்ராவில் வந்ததா? நான்காவது முறையாகக் கேட்கிறேன்.

நீதித்தராசு:
மூன்றாவது முறை. அதையும் எண்ணத் தெரியவில்லை. ஒரு முன்னுதாரணத்தின் மதிப்பு தெரியாதவரிடம் என்ன சொல்வது? அடுத்தவன் வழக்குப் போடும்போது 2019 தீர்ப்பைத்தான் மேற்கோள் காட்டுவான்.

கரைவலை:
எதிர்த்தரப்பு 2021 தீர்ப்பை மேற்கோள் காட்டும். செயல் எங்கே நடந்தது என்ற ஒரே கேள்வியில் எல்லா வழக்கும் வாசலிலேயே விழும். அணையையும் மின்நிலையத்தையும் வாஷிங்டனிலா கட்டுவார்கள்?

நீதித்தராசு:
கடன் ஒப்புதல் வாஷிங்டனில்தான் நடக்கிறது.

கரைவலை:
அதைத்தான் மீனவர்களின் வழக்கறிஞர்களும் சொன்னார்கள். நீதிபதி கேட்டாரா?

மழைக்காகம்:
எந்த நீதிபதி? அந்த ஒன்பதாவது ஆளா?

நீதித்தராசு:
ஏழுக்கு ஒன்று. அவ்வளவுதான் சொல்வேன்.

கரைவலை:
ஏழுக்கு ஒன்று, கைக்குப் பூஜ்யம்.

கணக்குப்பிள்ளை:
மழைக்காகம், அந்தப் படத்தை இங்கேயே போடும். பார்த்துவிடலாம்.